ஏழாயிரம் ரூபாய் கிடாரும் செவ்வாய்ப்பேட்டை அரமும்

எலக்ட்ரிக் கிடார் வாங்கி மூன்று மாதம் ஆன பையன்கள் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "மச்சி, கிடார் சரியில்லடா. பிக்கப் மாத்தணும்."

கிடார் சரியில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். பிக்கப் மாற்ற வேண்டும் என்பதுதான் தப்பு. ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு வாங்கிய கிடாரில் இன்னொரு ஏழாயிரத்துக்கு பிக்கப் வாங்கிப் போட்டுவிட்டு, அதே கரகரப்பையும் அதே சுருதி விலகலையும் இன்னும் தெளிவான சத்தத்தில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காசைக் கரியாக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது :-)

மலிவு கிடாரில் முதலில் செய்ய வேண்டியது மின்சார வேலை இல்லை, உலோக வேலை. அந்த வேலைக்கு சென்னைக்கோ பெங்களூருக்கோ கிடாரைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு அரமும் உப்புத்தாளும் புழங்குகிற ஊரிலேயே முடிந்துவிடும். இந்தப் பதிவு சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது.

மலிவு கிடார் ஏன் மலிவு? கட்டை வெட்டுவது இன்று எல்லா ஆலையிலும் கணினி இயந்திரம்தான். இயந்திரத்துக்கு விலை உயர்ந்த கிடார், விலை குறைந்த கிடார் என்ற பேதம் தெரியாது. மரம், சாவி, பிக்கப் இவற்றில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பார்கள். பெரிய மிச்சம் கை வேலையில். ஃப்ரெட் கம்பிகளை அடித்து இறக்கிய பிறகு அவை எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, உயர்ந்ததைத் தேய்த்து, தேய்த்ததை மறுபடி உருட்டி, ஓரங்களை மழுக்கி, பாலீஷ் போட ஒரு தேர்ந்த கைக்கு மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்துக்குத்தான் விலை உயர்ந்த கிடாரில் காசு வாங்குகிறார்கள். மலிவு கிடாரில் அந்த வேலை பாதியில் நிற்கிறது, அல்லது நடக்கவே இல்லை. அதாவது வாங்கியவன் கையில் இருப்பது மட்டமான கிடார் என்பதைவிட முடிக்கப்படாத கிடார் என்று சொல்வதுதான் சரி.

முடிக்கப்படாத உலோகப் பொருளைக் கையில் வாங்கி, அரம் போட்டு, தேய்த்து, பளபளவென்று திருப்பிக் கொடுப்பதை செவ்வாய்ப்பேட்டைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. வெள்ளிக் கொலுசுத் தொழில் இங்கே தலைமுறை கண்டது. கம்பி இழுப்பது, வளையம் போடுவது, பற்றவைப்பது, அரம் போடுவது, பாலீஷ் என்று ஒரு கொலுசு எத்தனையோ கை மாறித்தான் கடைக்குப் போகிறது. அந்தப் பட்டறை வீட்டுப் பையன் ஒருவன் கிடாரில் மேல் கம்பியைத் தள்ளும்போது விரலில் ஃப்ரெட் ஓரம் கீறுகிறது என்று யூட்யூபில் வெள்ளைக்காரர் வீடியோவைப் பார்த்து, அவர் காட்டும் மூவாயிரம் ரூபாய் ஃப்ரெட் அரத்துக்கு ஆர்டர் போட யோசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து அறையில் அப்பா அதே கோணத்தில் அதே அரத்தை முப்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! இதில் சிரிக்கவும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தப்படவும் இருக்கிறது.

இன்னொரு சுவாரசியம். பெரும்பாலான கிடார்களின் ஃப்ரெட் கம்பி 'நிக்கல் சில்வர்' என்ற உலோகம். பெயரில்தான் சில்வர், உள்ளே பொட்டு வெள்ளி கிடையாது. செம்பு, நாகம், சுமார் 18 சதவீதம் நிக்கல் சேர்ந்த கலவை. வெள்ளிக் கடைக்காரர்கள் 'ஜெர்மன் சில்வர்' என்று சொல்லும் அதே குடும்பம். வெள்ளியை விடக் கடினம், எஃகை விட மென்மை. சாதாரண அரத்துக்கு நன்றாகவே மசியும். (விலை உயர்ந்த சில கிடார்களில் துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட் போடுகிறார்கள். சேலம் ஸ்டெயின்லெஸ் பெருமை பேசுபவர்களுக்கு இது இனிக்கலாம். ஆனால் அதில் அரம் போடப் போனால் அரம்தான் தேயும்.)

வேலை எப்படி? முதலில் கழுத்தை நேராக்க வேண்டும். கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, டிரஸ் ராட். சேலத்துச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் மரம் வளையும். அந்தக் கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். கால் மில்லிமீட்டர், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு இருந்தால் வாசிப்புக்குப் போதும். அதிகம் இருந்தால் வலப்பக்கம் கால் சுற்று. ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. திருகி விட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். இறுகித் திருகினால் உள்ளே மறை கழன்றுபோகும், அப்புறம் கழுத்தை விறகுக்குத்தான் போட வேண்டும்.

பிறகு கம்பிகளைக் கழற்றிவிட்டு, கழுத்து முழு நேராக வரும்படி திருகி, மரத்தின் மேல் காகித டேப் ஒட்டி, ஃப்ரெட் தலைகள் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். நேரான கனமான ஒரு சட்டத்தில் (மார்பிள் கடையில் மீந்த துண்டு, தடிமனான கண்ணாடி, எது நேராக இருக்கிறதோ அது) 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, கழுத்தின் நீளவாக்கில் அழுத்தாமல் இழுத்தால் உயரமான ஃப்ரெட்டில் மட்டும் மை போகும். எல்லாவற்றிலும் மை போகும்வரை மெதுவாக இழுப்பதுதான் மட்டம் செய்வது. இப்போது ஃப்ரெட் தலைகள் தட்டையாகிவிட்டிருக்கும். தட்டைத் தலையில் கம்பி சரியாக உட்காராது, சுருதி பிசகும். முக்கோண அரம் எடுத்து, அதன் மூன்று விளிம்பையும் சாணையில் மழுக்கி (இல்லாவிட்டால் விளிம்பு பக்கத்து மரத்தைக் கீறும்), ஒவ்வொரு ஃப்ரெட்டையும் இருபுறமும் சரித்து மறுபடி உருட்டித் தலை ஆக்குங்கள். உச்சியில் ஒரு மெல்லிய மைக்கோடு மிஞ்ச வேண்டும், அதைத் தொடக்கூடாது. அடுத்து 600, 1000, 2000 என்று உப்புத்தாள், கடைசியில் பாலீஷ். வைரம் மாதிரி மின்னும்.

கொலுசுப் பட்டறை வீடுகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த வேலையை அப்பாவின் மேஜையில் செய்யாதீர்கள். அங்கே விழும் அரப்பொடி வெள்ளி. கூட்டி எடுத்து உருக்குவதற்காகச் சேர்த்து வைப்பது. அதில் ஜெர்மன் சில்வர் பொடி கலந்தால் "ஏன்டா, வெள்ளிப் பொடியில என்னத்தடா கொட்டுன?" என்று விழும் அடியை எந்த பிக்கப்பும் ஒலிபெருக்காது, தெருவுக்கே கேட்கும். 2025ல் கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப்போன உலோகம், சும்மா இல்லை. அதேபோல பிக்கப்பில் காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை தொடங்கும்முன் அதையும் டேப்பால் மூடிவிட வேண்டும்.

அடுத்து நட். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் ஏறி உட்காரும் சிறு துண்டு. மலிவு கிடாரில் அது உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக், பள்ளமும் ஆழமாக வெட்டியிருக்காது. அதனால்தான் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்க விரல் வலிக்கிறது, பிடித்தாலும் சுருதி ஏறி நிற்கிறது. புதுசாக வாசிப்பவன் தனக்கு வாசிக்க வராது என்று நினைத்துக் கிடாரை மூலையில் சாத்துவது பெரும்பாலும் இந்த ஒரு துண்டால். எலும்பு நட் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பள்ளம் வெட்ட தனி அரம் செட் ஆயிரக்கணக்கில் விலை. கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் நாசில் துவாரம் சுத்தம் செய்யும் கம்பிக் கொத்து விற்பார்கள். பல தடிமனில் சொரசொரப்பான மெல்லிய கம்பிகள். கிடார் கம்பியின் தடிமனுக்குக் கொஞ்சம் அதிகமானதைத் தேர்ந்தெடுத்து இழுத்தால் வேலை முடிந்தது. அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூட இழுத்தால் கம்பி ஃப்ரெட்டில் இடித்து நாராசமாக ஒலிக்கும், நட்டை மாற்றத்தான் வேண்டும்.

சுருதிக் கணக்கு பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஸ்ட்ராட் வகைக் கிடாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மி.மீ. அதை 17.817 ஆல் வகுத்தால் 36.37. முதல் ஃப்ரெட் அங்கே. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 34.33, இரண்டாவது ஃப்ரெட். இப்படியே பன்னிரண்டு தடவை போனால் சரியாகப் பாதி, 324. இரண்டின் பன்னிரண்டாம் மூலம் எங்கே பயன்படும் என்று கேட்டவர்களுக்கு இதோ பதில். ஆனால் கம்பியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுவதால் சுருதி ஏறும். அதைச் சரிக்கட்டத்தான் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தது, சும்மா வாசித்ததைவிட ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ளு, இறங்கி ஒலித்தால் முன்னால். ஒரு ஸ்க்ரூ டிரைவர், கைப்பேசியில் ஓர் இலவச ட்யூனர், அரை மணி நேரம். செலவு பூஜ்யம்.

இதெல்லாம் கம்பெனி செய்ய வேண்டிய வேலை, வாங்கியவன் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம ஊர் வாத்தியங்களைப் பார்த்தால் இந்தக் கேள்வியே எழாது. வீணையின் மெட்டுகள் மெழுகுக் கலவையில் பதிந்திருப்பவை. காலப்போக்கில் விலகும், மறுபடி மெழுகு போட்டு மேளம் கட்ட வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்குக் கச்சேரி ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். கடையில் வந்தபடியே கடைசிவரை இருப்பதுதான் நல்ல வாத்தியம் என்பது இங்கே புதிதாக இறக்குமதியான நம்பிக்கை.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் (1969–2014) செய்ததும் அதுதான். ஐரோப்பிய மாண்டலினில் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக ஜோடி. ஜோடிக் கம்பியை இழுத்து கமகம் பிடிப்பது பெரும்பாடு, ஒலியும் சட்டென்று செத்துவிடும். அவர் ஜோடியை எடுத்துவிட்டு ஒற்றைக் கம்பியாக்கி, ஐந்து கம்பி எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை உட்கார வைத்தார். விஷ்வ மோகன் பட் கிடாரில் கூடுதல் கம்பிகளைச் சேர்த்து மோகன வீணை ஆக்கி, ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994ல் கிராமி வாங்கினார்.

கடல் தாண்டினாலும் இதே கதை. முதல் எலக்ட்ரிக் கிடார்கள் 1930களின் தொடக்கத்தில் வந்தபோது அவற்றை வார்த்துக் கொடுத்த ரிக்கன்பேக்கர் ஓர் உலோகப் பட்டறைக்காரர். உடம்பு அலுமினிய வார்ப்பு, பட்டப்பெயர் 'வாணலி'! ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954ல் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிடார் வாசிக்கத் தெரியாதவர். கழுத்தை ஒட்டாமல் நான்கு திருகில் மாட்டியதால் கெட்டால் கழற்றி மாற்றலாம். இன்று செவ்வாய்ப்பேட்டைப் பையன் கையில் இருக்கும் பெயர் தெரியாத கம்பெனிக் கிடாரும் அந்த வடிவத்தின் நகல்தான். அது ஸ்க்ரூ டிரைவருக்கென்றே பிறந்த ஜாதி.

குவீன் குழுவின் பிரையன் மே 1963ல் பள்ளி மாணவன். ஃபெண்டர் வாங்க வசதியில்லை. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கில் டிரமலோ, அம்மாவின் தையல் பெட்டிப் பொத்தானில் புள்ளிகள் என்று ஒரு கிடார் செய்தார்கள். அதையேதான் அவர் உலக மேடைகளில் எல்லாம் வாசித்தார். பிக்கப்பை மட்டும் பிறகு விலைக்கு வாங்கி, ஊளையிடாமல் இருக்க உள்ளே அரால்டைட் ஊற்றினார். எட்டி வான் ஹேலன் 50 டாலர் உடம்பு, 80 டாலர் கழுத்து வாங்கி ஒட்டுப்போட்டுச் செய்த கிடாரின் சத்தம்தான் 1978ல் வந்த முதல் ஆல்பத்தில் கேட்பது. இவர்கள் யாரும் பெயருக்காக மாற்றவில்லை. கைக்கு ஒரு தேவை இருந்தது, கடையில் அது இல்லை.

சரி, மின்சார வேலைக்கு வருவோம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி ஏழெட்டாயிரம் சுற்று. எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைந்து சுற்றில் மின்னோட்டம் பிறக்கும், பாடப்புத்தகத்து ஃபாரடே சமாச்சாரம். மலிவு பிக்கப்பும் இதையேதான் செய்கிறது. அதன் உயரத்தை இரண்டு திருகில் ஏற்றி இறக்கிப் பார்க்காமலே குப்பை என்று தூக்கிப்போடுவது அநியாயம். கம்பிக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தால் காந்தமே கம்பியை இழுத்து சுருதியைக் கெடுக்கும், இரண்டு மூன்று மி.மீ. தள்ளி வைத்துக் கேட்டுப் பாருங்கள். உள்ளே பொட்டென்ஷியோமீட்டரும் கெப்பாசிட்டரும் மட்டமாக இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் நல்லதாக வாங்கி மாற்றலாம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. கொர் என்ற இரைச்சலுக்கு, குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி பூமிக் கம்பியோடு சேர்ப்பது பாதி மருந்து.

பற்றவைப்பில் மட்டும் பட்டறை அனுபவம் கைகொடுக்காது, கெடுக்கவும் செய்யும். வெள்ளிக்குப் பற்றாசும் வெங்காரமும் ஊதுகுழல் நெருப்பும். இங்கே ஈயமும் ரோசினும் 25 வாட் சால்டரிங் அயர்னும். வெங்காரம் போட்டு கிடார் ஒயரைப் பற்றவைக்க முயன்றால் ஒயரின் தோல் எரிந்து நாறும், அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சீரியஸ். கிடாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. அந்தச் சட்டம் மூன்று முனை பிளக்கின் தடித்த முனை வழியாக பூமிக்குப் போகிறது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவது இந்த இணைப்பால்தான். அந்த மூன்றாவது முனையை உடைத்துவிட்டு இரண்டு முனை பிளக்கில் செருகுகிறவர்கள், இரைச்சல் குறைகிறது என்று எர்த்தைக் கழற்றிவிடுகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் அறுந்து சட்டத்தில் பட்டால், விரல் நுனியில் இருக்கும் ஆறு கம்பியிலும் 230 வோல்ட். இடது கை கம்பியில், உதடோ வலது கையோ வேறு இணைப்பில் இருக்கும் மைக்கில். மின்சாரம் நடுவில் இருக்கும் நெஞ்சு வழியாகத்தான் போகும். ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் முன்னாலேயே இறந்துபோனார்.

ஆடி மாதம் சேலத்து மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் தெருவுக்குத் தெரு மேடை போடுவார்கள். தற்காலிக ஒயர், ஜெனரேட்டர், தண்ணீர் தெளித்த தரை, வெறுங்கால். அந்த மேடையில் 'இளைய நிலா' வாசித்துக் கைதட்டு வாங்க ஆசைப்படும் பையன், பிக்கப்புக்கு ஒதுக்கிய காசில் முதலில் நல்ல மூன்று முனை பிளக்கும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போட்ட ஒரு நீட்டிப்புப் பெட்டியும் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். கிடாருக்குள் தாராளமாகக் கை வைக்கலாம், அங்கே இருப்பது மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயரைத் திறப்பது வேறு விஷயம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் கடிக்கும். அது தெரிந்தவர் வேலை.

எல்லா மலிவு கிடாரும் தேறும் என்று சொல்ல முடியாது. கழுத்து பக்கவாட்டில் முறுக்கியிருந்தாலோ, டிரஸ் ராட் திருகியும் அசையாமல் இருந்தாலோ, கழுத்து கோணலாக மாட்டப்பட்டு கம்பி ஓரம் வழுக்கிப் போனாலோ வாங்கிய வாரத்திலேயே திருப்பிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். காசு இருப்பவர்கள் நல்ல கிடார் வாங்குவதிலும் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் கடன் சொல்லி, அம்மா நகையை அடகு வைக்கச் சொல்லி, பிராண்டு பெயருக்காக அறுபதாயிரம் கேட்பதற்கு முன்னால் இருக்கும் கிடாரை முழுசாக முடித்துப் பார்த்தாயிற்றா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

அரம் பிடிப்பது படிக்கிற பையனுக்குக் கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் பட்டறை வீடுகளிலேயே இருக்கிறது, அப்பாக்களே சொல்லித்தான் வளர்க்கிறார்கள். "இந்த அரம் எங்களோட போகட்டும், நீ படி." அதில் இருக்கும் வலியும் நியாயமும் புரிகிறது. கூலி குறைவு, வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறைவு, மெஷின் கொலுசு வேறு போட்டி. ஆனால் அதே கை வேலைக்குப் பெருநகரத்துக் கிடார் டெக்னீஷியன் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார், மேலை நாடுகளில் இதற்கென்றே படிப்பு நடத்துகிறார்கள். கொலுசு ஓரத்தை காலைக் கீறாமல் மழுக்கத் தெரிந்தவருக்கு ஃப்ரெட் ஓரத்தை விரலைக் கீறாமல் மழுக்க ஒரு மதியம் போதும் பழகிக்கொள்ள. கிடார் என்றால் என்னவென்று மட்டும் பையன் சொல்ல வேண்டும். மீதியை அவர் சொல்வார்.

தொடங்க நினைப்பவர்கள் நேராக நல்ல கிடாரில் கை வைக்காதீர்கள். யார் வீட்டுப் பரணிலாவது கழுத்து உடையாத பழைய கிடார் ஒன்று கிடக்கும், முதல் அரம் அதில் போடுங்கள். கம்பி புதுசு ஒரு செட் முன்னூறு, நானூறு. உப்புத்தாள், மார்க்கர், டேப் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது. முக்கோண அரம் வாங்க வேண்டாம், வீட்டில் கேளுங்கள். விளிம்பை மழுக்குவதற்கு முன்னால் கேளுங்கள், அது முக்கியம் :-)